நீர்வேலி வெயிலில் ஒரு கறுவல்

கரவெட்டியில் பிடித்த கறுப்புப் பச்சோந்தியைப் பனையோலைக் கடகத்தில் வைத்து, ஈரச்சாக்கால் மூடி, நல்லூரிலுள்ள என் வீட்டுக்குச் சைக்கிளில் கொண்டுபோகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஆனாலும் பச்சோந்தியில் பச்சை, கறுப்பு என்று இரண்டு இனம் உண்டெனப் பிரித்துத் தனித்தனிக் கூடு செய்திருப்பவன் யாழ்ப்பாணத்திலேயே நான் ஒருவன்தான். கறுப்பு அரிது. அதன் கூடு இன்னும் வெறுமையாகவே கிடக்கிறது.

நீர்வேலியில் இளைப்பாற நிற்கிறேன். வாழைக்குலை விற்கும் பெண் கடகத்தைப் பார்க்கிறாள்.

“உதுக்குள்ளை என்ன, ஐயா?”

“ஆருக்கும் அம்பிடாத கறுவல், பிள்ளை. என்ரை கறுப்புக் கூட்டுக்குக் கொண்டுபோறன். வந்து பார்.”

சாக்கை விலக்குகிறேன். காலை வெயில் படுகிறது. பச்சோந்தி ஒரு கண்ணால் என்னையும் மறு கண்ணால் அவளையும் பார்க்கிறது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே மெல்ல மெல்ல இலைப்பச்சையாகிறது.

“ஐயோ, உங்கடை கறுவல் பச்சையாப் போச்சு!” என்று அவள் சிரிக்கிறாள். “என்ரை குலையும் முந்தநாள் பச்சை, இண்டைக்கு மஞ்சள். அதுக்காக வேறை இனமே? இனி எந்தக் கூட்டிலை விடப்போறியள்?”

“எனக்குப் படிப்பிக்காதை, பிள்ளை. இது மூண்டாவது இனம்.”

சாக்கை இழுத்து மூடிக்கொண்டு சைக்கிளில் ஏறுகிறேன். வீட்டுக்குப் போனதும் இன்னொரு கூடு அடிக்கவேண்டும்.