ஒரு டெம்பரவரியின் ஜாமீன்

போன வாரம் சென்னையில் ஒரு புத்தக வெளியீட்டு விழா. தொகுத்து வழங்கிய பெண் மைக்கைத் தட்டிப் பார்த்தாள். அது கீச்சென்று அலறியது. பக்கத்தில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். நான் என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். சிரிக்காதீர்கள். இந்த வயதிலும் மைக் கத்தினால் நெய்வேலியின் ஒரு பிற்பகல் திரும்பி வந்துவிடும்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. நெய்வேலியில் ஒரு மனமகிழ் மன்றம் நடத்திய நூலகத்தில் நான் உதவி நூலகர். சொந்த ஊர் சாத்தூர். அப்பா போன பிறகு அம்மாவும் தங்கையும் என் சம்பளத்தை நம்பித்தான் இருந்தார்கள். வேலையோ டெம்பரவரி. எல்லா ஜில்லாக்காரர்களும் வந்து குடியேறிய அந்த ஊரில் யாரும் ஜாதி கேட்கும் முன் "பர்மனென்டா?" என்றுதான் கேட்பார்கள். பர்மனென்ட் ஆனால் குவார்ட்டர்ஸ். குவார்ட்டர்ஸ் கிடைத்தால் அம்மாவை அழைத்துக்கொள்ளலாம். கொல்லையில் ஒரு முருங்கை வைக்கலாம் என்று அம்மா அங்கிருந்தே திட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். என்னை நிரந்தரமாக்கும் உத்தரவு மன்றத் தலைவரின் கையெழுத்துக்காகக் காத்திருந்த சமயத்தில்தான் வட்டார நூலகர்கள் மாநாடு எங்கள் மன்றத்துக்கு வந்து சேர்ந்தது.

மாநாடு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பண்ருட்டி, நெல்லிக்குப்பம், கடலூர் என்று சுற்றுவட்டாரத்து நூலகர்கள் பஸ் ஏறி வந்திருந்தார்கள். பண்ருட்டிக்காரர் சும்மா வருவாரா? ஒரு பலாப்பழத்தோடு வந்தார். காலையில் கிழிந்த புத்தகங்களைச் செப்பனிடும் பயிற்சி. மைதாப் பசையின் புளித்த வாசனையும் பலாச்சுளை வாசனையும் கலந்து கூடம் முழுக்க ஒரு கிறக்கம். பழுப்பு நிலக்கரி பற்றிய புத்தகத்தை மண்ணியலில் வைப்பதா, எரிபொருளில் வைப்பதா என்று இருவர் சண்டைக்கே போய்விட்டார்கள். வெள்ளை ரிப்பன் பூவைச் சட்டையில் குத்திக்கொண்டு வந்தவர்கள் எல்லோரும் மத்தியானத்துக்குள் பழுப்புப் பூவோடு நின்றார்கள். சுரங்கத்துத் தூசி யாருக்கும் விருந்தோம்பல் பார்ப்பதில்லை.

பிற்பகல் ஊர்க்காரர்களும் கேட்கும்படி ஒரு நாவலாசிரியரின் பேச்சு. அறிவிப்பு செய்யும் பொறுப்பு எனக்கு. "பதறாம பேசும்மா. தலைவர் பார்த்துக்கிட்டு இருப்பார். உன் ஆர்டர் அவர் கையிலதான்" என்றார் எங்கள் நூலகர் சாமிநாதன் சார். பதறாதே என்பதற்கு இதைவிட மோசமான வழி இல்லை.

கூடம் நிரம்பிவிட்டது. எழுத்தாளரைக் காணோம். அவர் வந்த பஸ் பண்ருட்டி தாண்டி நின்றுவிட்டதாகத் தகவல். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் அவரே மைக்கை வாங்கி, "அதுவரைக்கும் நூலகத்தைப் பத்திச் சந்தேகம் இருந்தா கேளுங்க" என்றார்.

பின்சுவரை ஒட்டி நின்றிருந்தவர்களிடமிருந்து ஒரு குரல் வந்தது. எனக்குத் தெரிந்த குரல். தனபால், காண்ட்ராக்டில் மண் வேலை செய்கிறவன். ஷிஃப்ட் முடிந்ததும் கை காலைக் கழுவிவிட்டு வந்து, வாசிப்பறை மூடும் வரை படித்துக்கொண்டிருப்பான்.

"வணக்கங்க. நா தெனம் இங்க ஒக்காந்து படிச்சிகினுதாங்க கீறேன். ஒரு புக்கு வூட்டுக்கு எடுத்துகினு போலாம்னா கார்டு குடுக்க மாட்றாங்க. இன்னாங்க நாயம் இது?"

தலைவர் சிரித்தார். "ரூல் அப்படி, தம்பி. பர்மனென்ட் ஆளுக்குத்தான் கார்டு. இல்லேன்னா ஒரு பர்மனென்ட் ஆள் ஜாமீன் போடணும். நீயும் பர்மனென்ட் ஆகு, கார்டு தானா வரும்."

"சுரங்கத்துக்கு எங்க நெலத்த எடுக்கசொல்லோ டெம்பரவரின்னு யாரும் சொல்லலீங்களே. அது பர்மனென்டாதாங்க போச்சி."

தலைவரின் முகத்தில் சிரிப்பு இருந்த இடம் அப்படியே காலியாகிவிட்டது. வாசலில் நின்ற காவலர் தனபாலை நோக்கி நடக்க ஆரம்பித்தார். தலைவர் மைக்கை என் கையில் திணித்து, "அடுத்த நிகழ்ச்சியைச் சொல்லும்மா" என்றார் பல்லைக் கடித்தபடி.

அடுத்த நிகழ்ச்சி என்று எதுவும் இல்லை. எழுத்தாளர்தான் அடுத்த நிகழ்ச்சி. வாயைத் திறந்தேன். மைக் கீச்சென்று கத்தியது. காவலர் தனபாலின் தோளில் கை வைத்துவிட்டார். "அவருக்கு நான் ஜாமீன் போடறேன்" என்று கூடம் முழுக்க ஒரு குரல் கேட்டது. அது என் குரல்தான்.

"நீயே டெம்பரவரி. ஒரு டெம்பரவரிக்கு இன்னொரு டெம்பரவரி ஜாமீனா?" என்றார் தலைவர். முன்வரிசையில் சிரிப்பு. அம்மாவின் முருங்கை அந்த நொடியில் வேரோடு சாய்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

நடு வரிசையில் ஒரு பெண் தன் கணவரின் விலாவில் இடித்தாள். "எந்திரிங்கன்னா!" அந்த மனிதர் வாய் நிறைய வெற்றிலையோடு எழுந்தார். மண்வெட்டும் இயந்திரத்தின் ஆபரேட்டர். பேச முடியவில்லை. ஜன்னல் வரை போய்த் துப்பிவிட்டு வரும்வரை கூடமே காத்திருந்தது.

"நான் போடுதேன் சார். நான் பர்மனென்ட்."

யாரோ கை தட்டினார்கள். பிறகு கூடமே தட்டியது. காவலர் கையை எடுத்தார். சரியாக அந்த நேரத்தில் எழுத்தாளர் தலையெல்லாம் புழுதியாக உள்ளே நுழைந்தார். கைதட்டல் தனக்குத்தான் என்று நினைத்து, கண் கலங்கி, எல்லாத் திசைக்கும் கும்பிட்டார். அவரிடம் யாரும் உண்மையைச் சொல்லவில்லை. அன்று அவர் பிரமாதமாகப் பேசினார்.

என் உத்தரவு உடனே வரவில்லை. "உனக்கு வாய் ஜாஸ்தின்னு தலைவர் சொல்றார்" என்றார் சாமிநாதன் சார். அடுத்த தலைவர் வந்து கையெழுத்திடும் வரை, ஒவ்வொரு மாதமும் அது கடைசி மாதமோ என்று எண்ணியபடியே வேலைக்குப் போனேன். அம்மா வந்தாள், முருங்கையும் வைத்தாள்.

கார்டு கிடைத்ததும் தனபால் முதலில் எடுத்தது ஒரு துப்பறியும் நாவல். மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டான். "கொலகாரன் யாருன்னு பாதியிலயே தெரிஞ்சிடுச்சிங்க. வேற குடுங்க." இதற்கா அந்தப் பாடு என்று எனக்கு ஒரே சிரிப்பு.

நிலம் போனபின் அவன் குடும்பம் வேறொரு சிற்றூரில் குடிசை போட்டிருந்தது. பின்னாளில் சுரங்கம் அகன்றபோது அதுவும் போயிற்று. அவர்கள் எங்கே போனார்கள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சில வருடங்களுக்கு முன் அந்தப் பக்கம் போயிருந்தேன். நூலகக் கட்டடம் இல்லை. சுரங்கத்தின் விளிம்பில் வேலிக்கு இப்பால் நின்று, முந்திரித் தோப்பைச் சுற்றி தனபால் நூலகத்துக்கு வரும் ஒற்றையடிப் பாதை எங்கே இருந்திருக்கும் என்று தேடினேன். வெகு ஆழத்தில் இயந்திரங்கள் பூச்சிகள்போல ஊர்ந்தன. அவன் நடந்த மண்ணை எப்போதோ வாரிக்கொண்டு போய்விட்டார்கள். பாதை இருந்த உயரத்தில், வெட்டவெளியில், ஒரு பருந்து சிறகசைக்காமல் நின்றுகொண்டிருந்தது.