மாப்பிள்ளைக்குப் பதில் வந்த கேமரா

என்னைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வரவில்லை. வீடியோ கேமராதான் வந்தது. அவருக்கு அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை, லீவு கிடைக்கவில்லையாம். ஹைதராபாத்தில், கொண்டாப்பூர்ப் பக்கம் புது ஃபிளாட் வாங்கியிருந்த அவருடைய தாய்மாமா ஒரு சனிக்கிழமை காலை அந்தக் கேமராவோடு குஷாய்குடாவில் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"நான் எடுத்தா ஆடுதுன்னு பையன் திட்டுறான் சார். நீங்க இன்ஜினியர். நீங்களே எடுத்து வைங்க, நாளைக்குச் சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்" என்று அப்பாவிடம் சொன்னார். எதையெல்லாம் எடுக்க வேண்டும் என்று ஒரு சீட்டும் கொடுத்துவிட்டுப் போனார்.

அப்பா பக்கத்தில் இருந்த அரசுத் தொழிற்சாலையில் ரேடார் பிரிவில் இருந்தவர். ஆனாலும் அடுத்தவர் பொருளைத் தொடப் பயம். அதனால் கேமராவோடு இருந்த புத்தகத்தை நான்தான் படித்தேன். ஒரே சுவிட்சில் மூன்று நிலை: அணைப்பதற்கு, எடுப்பதற்கு, எடுத்ததைப் பார்ப்பதற்கு. சிவப்புப் பொத்தானை அமுக்கினால் டேப்பில் பதியும், மறுபடி அமுக்கினால் நிற்கும். மேலே இருக்கும் சின்ன நெம்புகோலை ஒரு பக்கம் தள்ளினால் முகம் கிட்டே வரும், மறுபக்கம் தள்ளினால் கூடம் முழுதும் தெரியும். வெயிலுக்கும் டியூப் லைட்டுக்கும் தனித்தனியாக நிறத்தைச் சரிசெய்யலாம். ஒரு மணி நேரத்தில் எல்லாம் பிடிபட்டுவிட்டது. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அப்பா கேமராவைப் பிடித்தார். அம்மா சீட்டைப் படித்தாள். "முகம் கிட்டத்துல. பக்கவாட்டுல. சிரிக்கணும், பல் தெரியணும். செருப்பு இல்லாம வாசக்கால் பக்கத்துல நிக்கணும், உயரம் தெரியணும். முடியை அவிழ்த்துவிட்டுப் பின்பக்கம்..." அந்த இடத்தில் அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. அப்பா கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் திரும்பி நின்றேன்.

முதலில் எடுத்ததைப் போட்டுப் பார்த்தபோது, "கொஞ்சம் கறுப்பாத் தெரியறியேடி" என்றாள் அம்மா. வெளிச்சத்தைக் கூட்டும் சக்கரம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதைத் திருப்பி வைத்து மறுபடி எடுத்தோம். என் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகி, மூக்கே பாதி காணாமல் போயிருந்தது. "இதான் நல்லாருக்கு" என்றாள் அம்மா. நானும் தலையாட்டினேன். அதை இப்போது எழுதவே கூசுகிறது.

மறுநாள் காலை இன்னொரு முறை பார்க்கலாமென்று டேப்பைப் பின்னால் ஓட்டினேன். அதிகமாக ஓடி ஆரம்பத்துக்கே போய்விட்டது.

பச்சைப் புடவை கட்டிய ஒரு பெண், யாரோ ஒருவர் வீட்டு வாசக்கால் பக்கத்தில் செருப்பில்லாமல் நின்றாள். "திரும்பும்மா. இன்னும் கொஞ்சம். சிரி, பல்லு தெரியட்டும்." மாமாவின் குரல். படம் மெல்ல அவள் முகத்துக்குக் கிட்டே போனது. பிறகு முகத்தை விட்டுக் கீழே இறங்கி, நிற்கக்கூடாத இடத்தில் நின்றது. அதில் ஆட்டமே இல்லை.

அவளுக்குப் பின் இன்னும் மூன்று பெண்கள். ஒரு வீட்டைவிட்டு வெளியே வந்தபின் கேமராவை நிறுத்த மறந்திருக்கிறார். ஆடும் தரையும், அவர் பேச்சும் பதிந்திருந்தன. "இது குண்டு. இதுக்கு அந்த நாச்சாரம் வீட்டுப் பொண்ணே தேவலாம்."

ஐந்தாவதாக, வெள்ளை முகத்தோடு நான்.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டாவது பெண்ணிலேயே அவள் கேமராவின் சின்னத் திரையைப் படக்கென்று மூடினாள். "சீ! இதுக்குள்ளயா உன்னைக் கொண்டுபோய் வெச்சேன்!"

டேப்பை ஆரம்பத்துக்கு ஓட்டினேன். லென்ஸை மூடியால் மூடிவிட்டுச் சிவப்புப் பொத்தானை அமுக்கி, மேஜைமேல் வைத்தேன். புதிதாகப் பதிந்தால் பழையது அழிந்துவிடும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது.

அப்பா வந்து பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அடுத்தவங்க டேப்பும்மா."

"அந்தப் பொண்ணுங்க அவங்க வீட்டுப் பொண்ணுங்க இல்லப்பா."

குனிந்து கேமராவைப் பார்த்தார். "எவ்வளவு நேரம் ஓடும்?"

"ஒரு மணி நேரம்."

நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். டேப் தானாக நிற்கும்வரை எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் மாமா சிரித்தபடி வந்தார். "எடுத்தாச்சா சார்?"

"அழிச்சாச்சு" என்றார் அப்பா. "மொத்தமும்."

"மத்ததுமா? அதை அழிக்க உங்களுக்கு என்ன ரைட்டு?"

"எடுக்க உங்களுக்கு என்ன ரைட்டு இருந்துதோ அதேதான். இந்தச் சம்பந்தம் எங்களுக்கு நக்கோ. கிளம்புங்க."

நக்கோ என்றால் வேண்டாம்; ஹைதராபாத்தில் இருபத்தைந்து வருஷம் இருந்ததில் ஒட்டிக்கொண்ட சொல், கோபத்தில் வந்துவிட்டது. அம்மா மாமாவுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

பெண் திமிர் பிடித்தவள் என்று அவர் ஊரெல்லாம் சொன்னார். வரவிருந்த இரண்டு ஜாதகங்கள் நின்றுபோயின. அம்மா ஒருநாள் அதற்காக அழுதாள். அப்பா கடைசிவரை வருத்தப்படவில்லை. மூன்று வருஷம் கழித்து, நேரில் வந்து பேசிய ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டேன்.

அதற்கும் பின்னால் ஒரு கல்யாணச் சாப்பாட்டில் மாமாவைப் பார்த்தேன். கையில் புதிதாக இன்னொரு கேமரா, சின்னது. பந்தியில் வரிசையாக எடுத்துக்கொண்டே வந்தவர் என் எதிரில் நின்று, "நல்லாருக்கியாம்மா?" என்றார், ஒன்றுமே நடக்காததுபோல. பாயசம் அப்படியே இருந்தது. இலையை மடித்துவிட்டுக் கை கழுவ எழுந்துபோனேன்.