நத்தாருக்கு இரவல் போன மணிக்கூடு

போன புரட்டாதியில் ஒரு பின்னேரம், வீட்டு விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். மனைவி கைப்பேசியில் ஒரு கலியாணப் படத்தைக் காட்டினாள். கனடாவில் இருக்கிற என் பழைய கூட்டாளி அன்ரனின் மகளுக்குக் கலியாணம். பூச்செண்டு பிடித்திருந்த அந்தப் பிள்ளையின் கையை மனைவி இரண்டு விரலால் பெரிதாக்கினாள்.

"இஞ்ச பாருங்க, நீங்க எந்நேரமும் சொல்ற உங்கட மணிக்கூடு இதுதானே?"

பீப்பா வடிவத்தில் ஒரு சின்னத் தங்க மணிக்கூடு. சாவி கொடுக்கிற குமிழின் நுனியில் சிவப்புக் கல். படத்துக்குக் கீழே பிள்ளை எழுதியிருந்தாள்: "சுனாமியில் இறந்த என் அப்பம்மாவின் மணிக்கூடு. இன்று என் கையில்."

அந்த மணிக்கூட்டைக் கல்குடாக் கடல் கொண்டுபோய்விட்டது என்று இத்தனை வருஷமாக நம்பியிருந்தவன் நான்.

இந்த மணிக்கூட்டுப் பைத்தியத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சிலர் முத்திரை சேர்ப்பார்கள், சிலர் பழைய காசு சேர்ப்பார்கள். நான் சேர்த்தது சின்ன மணிக்கூடுகள். வட்டமானவை எனக்கு வேண்டாம். நீள்சதுரம், முட்டை வடிவம், எட்டு மூலை, தலையணைபோல நடு உப்பியது என்று ஒரு உருவம் இருக்கவேண்டும். ஒரு காலத்தில் சீமையில் துரைமார் விருந்துக்குப் போகும்போது கட்டியவைதான் இவற்றில் பாதி. பிறகு ஆம்பிளைகளின் மணிக்கூடு ஊதி ஊதிச் சோற்றுக்கோப்பை அளவுக்கு வந்ததும், இவையெல்லாம் பொம்பிளைச் சாமான் என்று ஒதுக்கப்பட்டன. இப்போது பெடியன்கள் அதே நீள்சதுரத்தைத் தேடிக் கட்டுகிறார்களாம், மனைவியின் அண்ணன் மகன் சொல்கிறான். எனக்கு அது நாகரிகமல்ல, தேவை. என் கை முருங்கைக்காய் மாதிரி. அதில் பெரிய மணிக்கூட்டைக் கட்டினால், மணிக்கூடு என்னைக் கூட்டிக்கொண்டு போவதுபோல இருக்கும்.

அப்போது வாழைச்சேனையில் ஒரு ஐஸ் ஆலையில் கிளாக்கராக இருந்தேன். அமோனியாவும் மீன்வாடையும் கலந்த ஒரு மணம் அங்கே எந்நேரமும் நிற்கும். இன்றைக்கும் மீன் சந்தைப் பக்கம் போனால், மூக்கில் அந்த மணம் ஏற முன்னமே காதில் மெல்லிய டிக்டிக் கேட்கிறது. மணிக்கூடுகளுக்கு ஈரம் பிடிக்காமல் மேசை லாச்சியில் அரிசி கொட்டி, அதற்குள் அவற்றைப் புதைத்து வைத்திருந்தேன். கோழிமுட்டை அடைவைத்த மாதிரி இருக்கும்.

"என்ன தம்பி, பொஞ்சாதிட மணிக்கூட்டக் கட்டிற்று வந்திட்டீங்களோ?" என்று ஆலையில் கேட்பார்கள். அப்போது எனக்குக் கலியாணமே ஆகவில்லை.

அன்ரன் கல்குடாக்காரன். எங்கள் ஆலையின் ஐஸில் மீனை அடுக்கிக் கொழும்புக்கு லொறி ஓட்டுகிறவன். சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்த காலம் அது. முதலில் அவனும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தவன்தான். ஒருநாள் கைலேஞ்சியில் எதையோ முடிந்துகொண்டு வந்து என் மேசையில் அவிழ்த்தான்.

"மச்சான், புறக்கோட்டையில ஒருத்தன் பிஸ்கட் டின்னுக்குள்ள கொட்டி வெச்சிரிக்கான். துரைமார்ட நோனாமார் கட்டின சாமானாம், ஒருத்தரும் பாக்கிறல்லயாம். உன்ட ஞாபகம் வந்திச்சி."

அன்றிலிருந்து எனக்காகக் கொழும்பு நடைபாதைகளைக் கிளறுவது அவன் வேலையாகிப்போனது. ஒருமுறை பொம்மைக்குக் கட்டுகிற விளையாட்டு மணிக்கூட்டை வாங்கி வந்துவிட்டான். இரண்டு பேரும் ஒரு பின்னேரம் முழுக்க அதற்குச் சாவி கொடுக்கப் பார்த்தோம்.

பீப்பா மணிக்கூடும் அப்படி வந்ததுதான். கையின் வளைவுக்கு ஏற்றபடி முதுகு வளைந்தது, முட்கள் நீலம். குமிழில் கல் இருந்த குழி மட்டும் வெறுமையாகக் கிடந்தது. அதைப் பார்த்த என் அம்மா, பெட்டியைத் திறந்து ஒற்றைத் தோடு ஒன்றை எடுத்து வந்தா.

"இந்தா மனே, சோடி துலைஞ்ச தோடு. கிடந்து என்னத்துக்கு?"

அதன் சிவப்புக் கல்லைக் கழற்றி, அன்ரன்தான் பத்தரிடம் கொண்டுபோய்ப் பதித்து வந்தான். அடுத்த ஆனியில் அம்மா இறந்துபோனா. அதற்குப் பிறகு அதை நான் கட்டுவது குறைவு. எடுத்துப் பார்ப்பேன், அரிசிக்குள் வைப்பேன்.

அம்மா இல்லாத வீட்டில் சமைக்க மனமில்லாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் கல்குடாவுக்குப் போய்விடுவேன். அன்ரனின் அம்மா பொரித்த மீனின் நடுத்துண்டை என் சோற்றுக்கோப்பையில் வைத்துவிட்டு, "அவன் லொறி ஓட்டுறவன், எங்கயும் திண்டுகொள்ளுவான். நீங்க தின்னுங்க" என்பா.

அந்த வருஷம் யேசு பிறந்த நத்தார்ப் பண்டிகைக்கு முதல்நாள் அன்ரன் ஆலைக்கு வந்து லாச்சியைத் திறந்தான்.

"பூசைக்குக் கட்டிப்போட்டுத் தாறன் மச்சான்."

அரிசிக்குள்ளிருந்து அவன் எடுத்தது அந்தப் பீப்பா மணிக்கூட்டை. வேறு ஆரும் என்றால் கொடுத்திருக்கமாட்டேன். என் கையாலேயே அவன் கையில் கட்டிவிட்டேன்.

நத்தாருக்கு மறுநாள் கடல் வந்தது. அவன் மனைவியும், அப்போது கைக்குழந்தையாக இருந்த இந்த மகளும் செங்கலடியில் தாய்வீட்டில் நின்றார்கள். அவன் லொறி கழுவ வாழைச்சேனைக்கு வந்திருந்தான். வீட்டில் அவன் அம்மா மட்டும்தான். வீடும் இல்லை, அவவும் இல்லை. உடல்கூடக் கிடைக்கவில்லை.

அகதிகள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில் அவனைக் கண்டேன். ஓடிவந்து கட்டிப்பிடித்தான்.

"அம்மாவும் போயிட்டா, உன்ட மணிக்கூடும் போயிட்டு மச்சான். அலுமாரிக்குள்ள கழட்டி வெச்சனான்."

இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னான். அந்த நேரத்திலும் என் மணிக்கூட்டை நினைக்கிறானே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "மணிக்கூடு கிடக்கட்டும்டா" என்றேன். சில நாளில் லாச்சியில் இருந்த மற்றவற்றையும் ஒரு பையில் போட்டு, விற்றுப் புழங்கச் சொல்லி அவனிடமே கொடுத்தேன். அழுதுகொண்டே வாங்கினான். பிறகு குடும்பத்தோடு கொழும்புக்குப் போனான், அங்கிருந்து கனடாவுக்கு. நான் அதற்குப் பிறகு மணிக்கூடு வாங்கவில்லை.

கலியாணப் படத்துக்குக் கீழே உண்மையை எழுதச் சொன்னாள் மனைவி. எழுதினேன், அழித்தேன். கடைசியில் அவனுக்கே போன் எடுத்தேன்.

"அன்ரன், புள்ளட கையில கிடக்கிறது ஆர்ட மணிக்கூடு?"

அந்தப் பக்கம் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"அண்டைக்கு அது என்ட கையிலதான் கிடந்தது" என்றான். "வீட்டில ஒரு கரண்டி மிஞ்சல்ல மச்சான். என்னட்ட மிஞ்சின ஒரே சாமான் அதுதான். கழட்டித் தர மனம் வரல்ல."

"கேட்டிருந்தா நான் தந்திருப்பன்தானே?"

"தெரியும். மறுகா, அம்மாட எண்டு புள்ளைக்கு ஒருக்காச் சொல்லிற்றன். அம்மாட எண்டு காட்ட ஒரு படம்கூட இல்லயே. அவள் அத நம்பியே வளந்திற்றாள். இனி என்னெண்டு மாத்திச் சொல்லுற?"

"அந்தக் கல்லு என்ட அம்மாட."

அன்ரன் மெல்லச் சொன்னான்: "புள்ளைக்கு மட்டும் சொல்லிராத மச்சான்."

மன்னிப்புக் கேட்பான் என்று காத்திருந்தவனிடம் ஒரு உதவி கேட்டான். "சொல்லமாட்டன்" என்று போனை வைத்தேன். சொல்லவும் இல்லை. அந்தப் பிள்ளையின் அப்பம்மாவை இரண்டாம் முறையும் பறித்து எனக்கு என்ன கிடைக்கப்போகிறது?

ஆனால் அந்தப் பள்ளிக்கூடம் மனதை விட்டுப் போகிறதில்லை. என்னைக் கட்டிப்பிடித்து அழுதபோது மணிக்கூடு கையிலிருந்து இறங்கி அவன் காற்சட்டைப் பையில் ஓடிக்கொண்டிருந்திருக்கும். எங்கள் இருவருக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு. அழுகை பொய்யில்லை, அது எனக்குத் தெரியும். அந்த அழுகைக்குள் இதை எப்படி ஒளித்தான் என்பதுதான் விளங்கவில்லை. தாயின் சாவுக்குப் பக்கத்தில் வைத்த ஒன்றை நான் ஒருநாளும் கிண்டிப் பார்க்கமாட்டேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. என்னை அவ்வளவு அறிந்தவன் வேறு ஆரும் இல்லை.

ஒவ்வொரு வருஷமும் நத்தாருக்கு மறுநாள் காலையில் கல்குடாவுக்குப் போய், அவர்களின் வீடு இருந்த இடத்தில் அவன் அம்மாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்துவேன். அந்த நேரம் பார்த்து அன்ரன் கனடாவிலிருந்து போன் எடுப்பான். பேசமாட்டான். நான் போனைக் கடல் பக்கம் நீட்டிப் பிடிப்பேன், அவன் அலையைக் கேட்டுக்கொண்டிருப்பான்.

இந்தமுறையும் போனேன். வழியில் ஐஸ் ஆலை இருந்த காணி வெறும் பற்றைக்காடாகக் கிடந்தது. வீட்டுக் காணியை ஒரு ஹோட்டல் மதில் பாதிக்குமேல் விழுங்கியிருந்தது. மதிலோரம் காற்றுக்கு மறைவாகத் திரியைக் கொளுத்தினேன். அவ எனக்கு ஒரு குறையும் வைக்காதவ. திரி உருகி முடியும்வரை போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அது அடிக்கவில்லை. நானும் அவனுக்கு எடுக்கவில்லை. கடல் தன்பாட்டில் இரைந்துகொண்டிருந்தது.