பல்லுக்கொழுக்கட்டை அன்று

மகளுக்குக் கீழ்முரசில் அரிசிமணி போல ஒரு பல் தெரிந்ததும் நாள் பார்த்தவர் என் மச்சாள், கணவரின் அக்கா. முதற்பல் வந்த குழந்தையின் தலையில் கொழுக்கட்டை சொரிவது எங்கள் வழக்கம்.

புத்தூரில் எங்கள் ஒழுங்கைக்கு, அந்தச் சின்னத் தெருவுக்கு, கொஞ்சக் காலமாகக் கைக்குழந்தையே கிடையாது. அதனால் படலையைத் திறந்தால் போதும், யாராவது வந்து என் மகளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பாலுக்கு அழும்போதுதான் திருப்பித் தருவார்கள். எனக்கென்ன, அந்த நேரத்தில் நிம்மதியாகத் தலை முழுகலாம்.

எனக்குப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் வேலை, கணவருக்கு வெங்காயத் தோட்டம். இன்னொரு பிள்ளையை யார் பார்ப்பது? ஒன்றே போதும் என்று ஒரே பிடியாய் நின்றவள் நான்தான். அவருக்கு இன்னொன்று ஆசை என்று எனக்குத் தெரியும். ஆனால் வாய் திறந்து கேட்கமாட்டார்.

அன்று முதல் ஆளாக வந்தவர் எங்கள் பகுதிக் குடும்பநல மாது, தாய் சேய் நலம் பார்க்கும் அரசாங்க உத்தியோகத்தர். ஊருக்கெல்லாம் அவர் மிஸ்ஸி. மகளின் பல்லைத் தடவிப் பார்த்துவிட்டு மெல்லக் கதையைத் தொடங்கினார்.

“தங்கச்சி, ரெண்டாவதைப் பற்றி யோசிக்கேல்லையோ? பிறப்பு நல்லாக் குறைஞ்சு போச்சாம். தாய்மாரோடை கதைக்கச் சொல்லி மேலிடத்திலை சொல்லியிருக்கினம். உதவியளும் கூட்டித் தருவினமாம்.”

“என்ரை அக்கா மூண்டாவதைச் சுமக்கேக்கை ஏசினது நீங்கள்தானே மிஸ்ஸி?”

“ஓம், அப்ப அது உத்தியோகம். இப்ப இது உத்தியோகம்,” என்று குலுங்கிச் சிரித்தார்.

“நான் பள்ளிக்கூடம் போகேக்கை பிள்ளையைப் பாக்க அரசாங்கம் ஆள் அனுப்புமோ? அனுப்பினா யோசிப்பம். இப்ப ஒண்டு காணும்.”

மிஸ்ஸி அந்தக் கதையை விட்டுவிட்டுப் பாய் விரிக்கப் போனார். அரசாங்கத்தையே மடக்கிவிட்ட பெருமை எனக்கு.

மகளைப் பாயில் இருத்தி, தலைக்கு மேல் வெள்ளைத் துணி பிடித்தோம். சொரியும் கொழுக்கட்டையைப் பொறுக்கச் சின்னப் பிள்ளைகள் வேண்டும். ஒழுங்கையில் ஏது? முழங்கால் நோவோடு பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தபாலதிபரும் அவருடைய மனைவியும் சப்பாணி கட்டி உட்கார்ந்து, இடத்துக்குச் சண்டை பிடித்தார்கள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது.

மச்சாள் முதல் கொழுக்கட்டையைக் கையில் எடுத்தார். “எல்லாரும் வடிவாப் பாருங்கோ. நிமிந்து விழுந்தா அடுத்தது பெடியன், கவிண்டு விழுந்தா பெட்டை.”

அடுத்ததாம்! எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ‘உங்களுக்கு வேறை வேலையில்லையோ’ என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் கொழுக்கட்டை துணியில் பட்டு, உருண்டு, பாயில் விழுந்தது.

எல்லாருக்கும் முன்னால் குனிந்து பார்த்தவள் நான்.

தலையைத் தூக்கினால், கணவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். “என்னப்பா, என்னவாம்?” என்றார். வெட்கமும் சந்தோசமும் ஒன்றாக வந்தன.

“கவிண்டுதான் கிடக்கு,” என்றேன். “இவளின்ரை சின்னச் சட்டையளை ஒருத்தருக்கும் குடுத்திடாதேங்கோ.”