சங்கும் சக்கரமும் உள்ள தட்டு

மவுண்ட் வெல்லிங்டன் ஞாயிறு சந்தையில், பழைய சீனப் பீங்கான் விற்கும் மேசை முன் நிற்கிறேன். ஒரு தட்டின் விளிம்பில் நீலத்தில் சங்கு, அடுத்தே சக்கரம். சட்டென்று எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன். “பெருமாளே!”

கழுத்தில் சிலுவை போட்ட மன்னார்க்காரர்தான் கடைக்காரர். சிரிக்கிறார். “இல்லை அக்கா, இது புத்த சமயத்தின்ர எட்டு மங்கலச் சின்னம். தாமரை, குடை, ரெட்டை மீன் எல்லாம் இருக்கு, பாருங்கோ. நானும் மீனைக் கண்டிட்டு, அது எங்கட கிறிஸ்தவச் சின்னமெல்லோ, வேதத் தட்டெண்டுதான் வாங்கினனான்.”

“ஊருக்குக் கொண்டுபோய்ப் பூஜையில வைக்கலாமா?”

“ஓம், வையுங்கோ.” கொஞ்சம் தயங்குகிறார். “ஆனா வீட்டில இதிலதான் மீன் பொரியல் போட்டுச் சாப்பிட்டனாங்கள்.”

கண்ணில் ஒற்றிய கை அப்படியே நிற்கிறது. விளிம்பில் அந்த ரெட்டை மீன் என்னையே பார்க்கிறது.

“பரவால்ல, கட்டிக் கொடுங்க. எங்க பெருமாளும் முதல்ல மீனாத்தான் வந்தார்.”