போறணைக்குள் போன கற்கள்

சுண்ணக்கல்லின் நுண்துளைகளில் எண்ணெய் தானாக ஊறி ஏறுவதைக் கணினியில் கணக்கிடுவதுதான் என் ஆய்வு. கோப்பாயில் எங்கள் கிணற்றைச் சுற்றியிருப்பதும் அந்தக் கல்தான். மேலே சிந்தும் எண்ணெய் எவ்வளவு ஊறும் என்று தெரிய வேண்டாமா? மண்ணெண்ணெயில் நிறுத்திய கல்லில் ஒரு மணி நேரத்தில் நாலு விரற்கடை ஏறும் என்றது கணினி. உண்மையில் இரண்டு விரற்கடையில் நின்றுவிடும். இரண்டு வருடமாக இதே கூத்து. எண்ணெய் கல்லைத் தொடும் கோணத்தை மாற்றி மாற்றிக் கணக்குப் போட்டு அலுத்துப்போனேன். வெள்ளிக்கிழமைக்குள் காரணம் சொல்லாவிட்டால் ஆய்வேட்டிலிருந்து அந்த அத்தியாயத்தை எடுத்துவிடும்படி மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். எடுத்தால் பட்டமும் போச்சு.

புதன் காலை எரிவாயு முடிந்திருந்தது. பரணில் கிடந்த மண்ணெண்ணெய்க் குக்கர் அடுப்பை முதல் நாளே நான் கழுவி வைத்திருந்தேன். என் கணவர் பருத்தித்துறைக்காரர், வள்ளத்து எஞ்சின் திருத்துபவர். அவர் எத்தனை குச்சி கிழித்தும் அது பற்றவில்லை.

"இஞ்சேரும், திரியையும் சேர்த்தே கழுவினனீர்?"

"வெயிலிலை காயவிட்டனான்தானே!"

"மேலாலைதான் காய்ஞ்சிருக்கு. உள்ளுக்கை தண்ணி நிக்கேக்கை எண்ணெய் எப்பிடிப் போகும்?"

"எனக்கே பாடம் எடுக்கிறியளோ? உங்களுக்கு என்ன தெரியும்!"

கத்தி முடிப்பதற்குள் பொறி தட்டியது. ஐயோ, என் கற்கள்! பல்கலைக்கழக வளாகத்து உலர்த்தும் அடுப்பு பழுது என்று, வெட்டிய ஒவ்வொரு கல்லையும் கிணற்றுத் தண்ணீரில் கழுவி, மாரிகால வெயிலில்தான் காயவைத்தேன். கணினியிலோ முற்றாக உலர்ந்த கல் என்று எழுதியிருந்தேன்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் மோட்டார் சைக்கிளை எடுத்தார். மானிப்பாயில் அவருடைய கூட்டாளியின் பேக்கரி. பாண் சுட்டெடுத்த போறணை அடுப்பு ஆறுமுன் என் கற்களைத் தட்டோடு உள்ளே தள்ளினார்கள்.

"பாணிலை கல்லுக் கடிபட்டா உங்களைத்தான் தேடி வருவம், தங்கச்சி," என்று பேக்கரிக்காரர் சிரித்தார்.

மறுநாள் தராசில் வைத்தபோது எல்லாக் கல்லும் எடை குறைந்திருந்தது. வீட்டுக்கு வந்து, ஒன்றில் நாலு விரற்கடையில் பென்சிலால் கோடு கீறி மண்ணெண்ணெயில் நிறுத்தினேன். கணவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி பக்கத்தில் குந்தியிருந்தார். ஈரம் இரண்டைத் தாண்டியது. மூன்றையும் தாண்டியது. ஒரு மணி நேரத்தில் கோட்டுக்கு ஒரு நூலளவு கீழே வந்து நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"உங்களுக்கு என்ன தெரியும் எண்டு கேட்டதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நீங்கள் இல்லாட்டி எனக்குப் பட்டம் இல்லை."

"அது கிடக்கட்டும். நேற்றையிலை இருந்து கடைத் தேத்தண்ணிதான் குடிக்கிறன். திரி இப்ப காய்ஞ்சிருக்கும், பாரும்."

முதற் குச்சியிலேயே பற்றியது.