‘நாங்கள்’ சொல்ல ஆளில்லாத பிரெஞ்சு வகுப்பு

உதட்டைக் குவித்து, ஈர விறகை ஊதுவதுபோல மூச்சை வெளியே தள்ளினால் பிரெஞ்சில் ‘இருந்தேன்’ என்று வரும். ழ ஃப்யு. இன்னொரு முறை ஊதினால் ‘இருந்தாய்’. த்யு ஃப்யு. மூன்றாவது முறை ஊதுவதற்குள் எச்சில் தெறித்து நோட்டின் மை கலைந்துவிடும். “என்னாடி, அடுப்பா ஊதுற?” என்று உள்ளேயிருந்து அம்மா கேட்பாள். “நூ ஃப்யூம்” என்பேன். ‘நாங்கள் இருந்தோம்’ என்று பொருள். அம்மாவுக்கு அது ஏதோ வசவாகக் கேட்டிருக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு ஒரு தோசை குறையும்.

விருத்தாசலத்தில், பீங்கான் தொழிற்பேட்டையின் பின்தெருவில், நாலு எட்டு நடந்தாலே செருப்பில் வெள்ளைத்தூள் ஒட்டிக்கொள்ளும் ஒரு வீட்டில், பதினாறு வயதுப் பெண் எதற்காகப் பிரெஞ்சு வினைச்சொல்லின் இறந்தகாலத்தை ஊதிக்கொண்டிருந்தாள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கக்கூடும். உள்ளூர்க்காரர்கள் கேட்கமாட்டார்கள். பத்தாம் வகுப்பில் நன்றாக மார்க் எடுத்துவிட்ட பிள்ளைகளைத் தனியார் பள்ளிகள் அப்போது இப்படித்தான் தண்டித்தன. தமிழில் எவ்வளவு முட்டினாலும் இருநூறுக்கு நூற்றெழுபது, பிரெஞ்சில் உருப்போட்டால் நூற்றுத் தொண்ணூறு என்பது அன்றைய கணக்கு. பிரான்ஸ் எந்தத் திசையில் இருக்கிறது என்பதில் எங்கள் கரஸ்பாண்டெண்டுக்கு அக்கறை இருந்ததில்லை. “டோட்டலு ஏறுதா இல்லையா, அதப் பாருங்க” என்று அப்பாவிடம் விண்ணப்பத்தை நீட்டினார். அப்பா கையெழுத்துப் போட்டார்.

அப்பாவுக்கு ஒரு பீங்கான் கம்பெனியில் சூளைப் பொறுப்பு. வெந்து வெளியே வரும் ஒவ்வொரு சாமானையும் நடுவிரலை மடக்கி ஒரே ஒரு தட்டு தட்டுவார். கணீரென்றால் இந்தப் பக்கம், ‘டொக்’ என்றால் அந்தப் பக்கம், மறு தட்டுக்கு இடமே கிடையாது. எனக்கும் அப்படி ஒரு தட்டு வைத்திருந்தார். “ஸ்கூலுல ஃபர்ஸ்ட்டு வந்தீன்னா மெட்ராஸு காலேஜு, ஹாஸ்டலு. வரலன்னா உள்ளூரு காலேஜு, வூட்டுச் சாப்பாடு.” மெட்ராஸில் என்ன படிப்பது என்று எனக்கு எந்த யோசனையும் இல்லை. ஹாஸ்டலில் என் கட்டில் ஜன்னலோரம் இருக்கவேண்டும் என்பதில் மட்டும் தெளிவாக இருந்தேன். அந்த ஜன்னலுக்குத் திரைச்சீலை என்ன நிறம் என்பது வரைக்கும் முடிவு செய்திருந்தேன்.

முதலிடத்துக்கு என்னைத் தவிர ஒரே ஒருத்திதான் போட்டி. சமீமா. மங்கலம்பேட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். அவள் அத்தா சவுதியில் இருந்தார். ஆறாம் வகுப்பிலிருந்து முதல் ரேங்கையும் இரண்டாம் ரேங்கையும் நாங்கள் இருவரும் ஒரே தாவணியை மாற்றிக் கட்டிக்கொள்வதுபோல மாற்றிக்கொண்டிருந்தோம். அதனால் சண்டை வந்ததில்லை. “நீ எந்தப் பாடம் எடுக்கிறியோ அதான் நானும்” என்று பஸ் ஸ்டாண்டு கடையில் ஒரு பன்னீர் சோடாவை இரண்டு ஸ்ட்ரா போட்டுக் குடித்து முடிவு செய்துதான் பிரெஞ்சுக்குப் பெயர் கொடுத்தோம்.

பிரெஞ்சு வகுப்பில் மொத்தம் ஆறு பேர். எங்கள் சார் உண்மையில் காமர்ஸ் வாத்தியார். புதுச்சேரியில் ஏதோ ஒரு சர்டிபிகேட் வாங்கியிருந்தார். எப்போதும் எங்களைவிட இரண்டு பக்கம் முன்னால் இருப்பார், ஜுரம் வந்தால் ஒரு பக்கம். ஆனால் நிர்வாகத் திறமை உள்ளவர். வினைச்சொல்லுக்கு ஆறு வடிவம், வகுப்பில் ஆறு பேர் என்பதைப் பார்த்ததும் ஆளுக்கு ஒன்று என்று பங்கு போட்டுவிட்டார். வருகைப் பதிவேட்டு வரிசைப்படி எனக்கு ‘நான்’ வந்தது. சமீமாவுக்கு ‘நாங்கள்’. அவர் குச்சியால் மேசையைத் தட்டினால் வரிசையாக எழுந்து அவரவர் பங்கை ஊதிவிட்டு உட்காரவேண்டும். நான் இருந்தேன், நீ இருந்தாய், அவன் இருந்தான் என்று அந்த அறையே ஒரு துருத்திபோல மூச்சு விடும்.

அந்த இறந்தகாலத்தை அறிமுகம் செய்த அன்று சார் ஒளிவுமறைவில்லாமல் பேசினார். “இது கதப் புஸ்தகத்துல மட்டும்தான் வரும். பிரெஞ்சுக்காரனே வாயால பேசமாட்டான்.”

“அப்ப நாம எதுக்கு சார் பேசறோம்?” என்று கேட்டாள் சமீமா.

“அஞ்சு மார்க்கும்மா.”

வகுப்பு திருப்தியடைந்தது.

இரண்டாவது மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. குச்சி தட்டியது. நான் இருந்தேன். அடுத்தவன் நீ இருந்தாய் என்றான். அதற்கடுத்தவள் அவன் இருந்தான் என்றாள். அப்புறம் சத்தமில்லை.

“நாங்கள் எங்கப்பா?” என்றார் சார்.

“நாங்கள் லீவு சார்” என்றான் ஒருவன்.

லீவில்லை. எங்கள் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் இருந்தது ஒரு பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் தமிழ் வகுப்பு. அங்கிருந்து மனப்பாடச் செய்யுள் ஒன்றைச் சீர் பிசகாமல் ஒப்பித்துக்கொண்டிருந்த குரலை எனக்கு ஆறு வருடமாகத் தெரியும். சாருக்கும் தெரிந்துவிட்டது. கொஞ்சம் யோசித்துவிட்டு, “சரி, ‘நான்’ இருக்கிற இல்ல? நீயே ‘நாங்கள்’ளயும் சேத்துச் சொல்லிடும்மா” என்றார். அன்றிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை ‘நாங்கள் இருந்தோம்’ என்பதை நான் ஒருத்தியாகவே எழுந்து நின்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மதியம் அவளைப் பிடித்தேன். “அத்தா கடுதாசி போட்டுட்டாருடி, தமிழே படின்னு. நேத்துதான் வந்துச்சு. நான் என்ன பண்ண?” என்றாள், சாப்பாட்டு டப்பாவைப் பார்த்துக்கொண்டே. நான் நம்பினேன். பரிதாபப்பட்டு என் முட்டையில் பாதியைக்கூடக் கொடுத்தேன். அதே நேரம் உள்ளுக்குள் ஒரு சின்னக் குதூகலம் இருந்ததை மறைப்பானேன்? தமிழில் மாட்டிக்கொண்டாள், இனி ஜன்னலோரக் கட்டில் நமக்குத்தான் என்று நினைத்தேன்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. அவளைவிட எனக்கு இருபத்திரண்டு மார்க் அதிகம். ஓடிப்போய்ப் பார்த்தால், பள்ளி வாசலில் முதல் மாணவர்களின் பெயர் எழுதும் மரப்பலகையில் பெயிண்டர் ‘ச’ போட்டு முடித்து ‘மீ’க்கு வந்திருந்தார்.

“ரேங்கெல்லாம் தமிழ் எடுத்தவங்களுக்குத்தாம்மா. ஸ்டேட்டுக்கே அதான் ரூலு. நாமளும் அதயே வச்சிருக்கோம்” என்றார் கரஸ்பாண்டெண்ட்.

“நீங்க சொல்லவே இல்லியே சார்.”

“நீ கேக்கவே இல்லியேம்மா.”

பக்கத்தில் ஃபைல் அடுக்கிக்கொண்டிருந்த கிளார்க் ஆறுதலாகச் சொன்னார். “அந்தப் பொண்ணு அப்பவே எங்கிட்ட வந்து ரூலக் கேட்டுட்டுத்தானே மாறிச்சு. நீயும் கூட வந்திருக்கலாம்ல?” சவுதியிலிருந்து கடுதாசி எதுவும் வந்திருக்கவில்லை.

வீட்டில் அப்பா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். “போர்டுல பேரு யாருது?” என்றார்.

“ஆனா மார்க்கு எனக்குத்தாம்பா கூட.”

“புள்ள அதான் கூட வாங்கியிருக்குதே” என்று அம்மாவும் சேர்ந்துகொண்டாள்.

“ஃபர்ஸ்ட்டுன்னுதான் சொன்னேன். கூடன்னு சொன்னனா?”

பிரெஞ்சுக்குக் கையெழுத்துப் போட்டது யார் என்று கேட்டேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார். அவர் காதுக்கு ‘டொக்’ என்று கேட்டுவிட்டது, அவ்வளவுதான். மெட்ராஸுக்கு அனுப்பாமல் இருக்க அவருக்கு ஒரு ரூல் தேவையாக இருந்தது, அரசாங்கமே ஒன்று கொடுத்துவிட்டது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

உள்ளூர்க் கல்லூரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மிச்சமிருந்தது தமிழ் இலக்கியத்தில் ஒரே ஒரு இடம். சான்றிதழைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “பிரெஞ்சு படிச்சிட்டுத் தமிழுக்கா?” இன்றைக்கு மேடைகளில் என்னை அழைப்பவர்கள், சிறு வயதிலேயே தமிழ்மீது காதல் கொண்டவர் என்று அறிமுகம் செய்கிறார்கள். நான் மறுப்பதில்லை. பொன்னாடை கொண்டுவந்தவர்களை எதற்குச் சங்கடப்படுத்துவது?

போன மாதம் அதே பள்ளியில் இலக்கிய மன்றத்தைத் தொடங்கிவைக்கக் கூப்பிட்டிருந்தார்கள். இப்போது கரஸ்பாண்டெண்ட் அவருடைய மகன். பலகைத் தடுப்பு போய்ச் சுவர் வந்துவிட்டது, பிரெஞ்சு வகுப்பில் ஜெராக்ஸ் மெஷின் நிற்கிறது. மரப்பலகை எங்கே என்று கேட்டேன். “இப்பதான் ரேங்கே சொல்லக் கூடாதுன்னுட்டாங்களே மேடம். கரையான் வேற. தூக்கிப் போட்டுட்டோம்” என்றார். எந்த ஒன்றுக்காக நானும் அவளும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டினோமோ, அது இப்போது யாருக்குமே கிடையாது.

டீ குடித்துக்கொண்டிருந்தபோது பேரனைக் கையில் பிடித்தபடி ஒரு பெண்மணி வந்து நின்றாள். உடம்பு பெருத்திருந்தது, குரல் அப்படியே இருந்தது.

“அடையாளம் தெரியுதாடி?”

தெரிந்தது. ரிசல்ட் வந்த மாதமே அவளுக்கு நிக்கா. பத்திரிகை வந்தது, நான் போகவில்லை. அப்புறம் அவளும் சவுதிக்குப் போய்விட்டாள். அதையெல்லாம் பேசாமல் நேரே கேட்டேன்.

“அந்த ரூலப் பத்தி எங்கிட்ட ஏன் சொல்லல?”

அவள் பேரனின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். “பிளஸ் ஒன் சேரச்சேயே எனக்குப் பேசி முடிச்சிட்டாங்கடி. படிப்பு இத்தோடன்னு தெரியும். ஒரு எடத்துலயாவது எம்பேரு இருக்கட்டுமேன்னு தோணுச்சு.”

“சரி. அத எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா நீயும் தமிழுக்கு வந்திருப்பியே.”

சரியான விடை. ஓர் எழுத்துக்கூடக் கூடுதல் இல்லை. முழு மார்க் போட வேண்டியதுதான். மனசு வரவில்லை. பையன் எந்த வகுப்பு என்று கேட்டுவிட்டு, ஆறிப்போன டீயை மெதுவாகக் குடித்தேன்.